நாள் தள்ளிப்போனால்: கர்ப்பப் பரிசோதனையை எப்போது செய்வது, விடையை எப்படி வாசிப்பது

மாதவிடாய் எதிர்பார்த்த தேதியில் வராதபோது 'நாள் தள்ளிப்போயிருக்கிறது' என்கிறோம். ஆனால் தள்ளிப்போனது எது என்று நாம் பெரும்பாலும் கேட்பதில்லை. கர்ப்பம் இல்லாமல் ஏற்படும் தாமதங்களில் பெரும்பாலானவற்றில், உதிரப்போக்குக்கு ஏறத்தாழ இரண்டு வாரங்களுக்கு முன்பே நடந்திருக்க வேண்டிய கருமுட்டை வெளியேற்றம்தான் தள்ளிப்போயிருக்கும். உதிரப்போக்கு அதன் பின்னால் தாமதமாக வந்துசேர்கிறது, அவ்வளவே. இதைப் புரிந்துகொண்டவருக்கு, பரிசோதனையை எந்த நாளில் செய்வது, அதன் விடையை எவ்வளவு நம்புவது என்ற இரண்டு கேள்விகளும் எளிதாகிவிடும். இதை அறியாதவர் நாட்காட்டியை மட்டும் நம்பி ஒருநாள் பரிசோதித்து, கர்ப்பம் இல்லை என்று காட்டும் ஒற்றைக் கோட்டைக் கண்டு நிம்மதியோ ஏமாற்றமோ அடைந்து, மூன்று வாரம் கழித்து நேர்மாறான விடையைச் சந்திக்க நேரிடலாம்.

எந்த நாளிலிருந்து எண்ணுவது

சுழற்சியின் முதல் நாள் என்பது உதிரப்போக்கு தெளிவாகத் தொடங்கிய நாள். அதற்கு முன் ஓரிரு நாள் வெறும் கறையாகப் பட்டிருந்தால் அந்த நாட்கள் கணக்கில் சேரா. உதிரப்போக்கு நின்ற நாளிலிருந்து எண்ணுவது மிகப் பரவலான தவறு. அப்படி எண்ணுகிறவர் கணக்கில் நான்கைந்து நாட்கள் தொலைந்துபோகின்றன. ஒரு முதல் நாள் தொடங்கி அடுத்த முதல் நாளுக்கு முந்தைய நாள் வரை உள்ள நாட்களின் எண்ணிக்கையே சுழற்சியின் நீளம்.

28 நாள் என்பது பாடநூல்களில் எடுத்துக்காட்டாக வந்து நிலைத்துவிட்ட எண்ணே தவிர, உடலுக்கு விதிக்கப்பட்ட சட்டம் அல்ல. வயது வந்த பெண்களுக்கு 21 முதல் 35 நாட்கள் வரை அமையும் சுழற்சி பொதுவாக இயல்பானதாகவே கருதப்படுகிறது. பூப்பெய்திய முதல் சில ஆண்டுகளில் 45 நாட்கள் வரை நீள்வதும் இயல்புதான். ஒரே பெண்ணுக்கு ஒரு மாதம் 27 நாளும் மறுமாதம் 32 நாளுமாக அமைவதிலும் குறை ஒன்றும் இல்லை. ஆகவே தாமதம் என்று முடிவுசெய்வதற்கு முன், கடந்த ஆறு சுழற்சிகளின் நீளத்தை ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். அவற்றுள் மிக நீண்டது எதுவோ, அதையும் கடந்த பிறகுதான் தாமதம் என்ற சொல் உண்மையில் பொருந்தும். கைப்பேசிச் செயலிகள் அடுத்த மாதவிடாய்க்குக் குறித்துத் தரும் தேதி, பெரும்பாலும் பழைய சுழற்சிகளின் சராசரியிலிருந்து கணக்கிடப்பட்ட ஊகமே. சுழற்சி ஒழுங்காக உள்ளவருக்கு அந்த ஊகம் பொருந்தும். ஒழுங்கில்லாதவருக்கு, செயலி 'ஐந்து நாள் தாமதம்' என்று காட்டுவதில் பெரிய பொருள் எதுவும் இல்லை.

தள்ளிப்போவது எது

சுழற்சிக்கு இரண்டு பகுதிகள் உண்டு. முதல் பகுதியில், மூளையின் அடியில் உள்ள பிட்யூட்டரி சுரப்பியின் தூண்டுதலால் சினைப்பையில் ஒரு கருமுட்டை முதிர்கிறது. அது முதிர்ந்து வெளியேறியதும் இரண்டாம் பகுதி தொடங்குகிறது. கருமுட்டை இருந்த இடத்தில் எஞ்சிய பை ப்ரோஜெஸ்ட்டிரான் என்ற ஹார்மோனைச் சுரந்து, கருப்பையின் உட்சவ்வு கலையாமல் தாங்கிப் பிடிக்கிறது. கரு தங்கவில்லையென்றால் அந்தப் பை ஏறத்தாழ இரண்டு வாரத்தில் சுருங்கிவிடும், ஹார்மோன் குறையும், உட்சவ்வு உதிரமாக வெளியேறும்.

இரண்டாம் பகுதியின் நீளம் ஒருவருக்கு மாதத்துக்கு மாதம் அதிகம் மாறுவதில்லை. பெரும்பாலும் 12 முதல் 14 நாட்கள். நீண்டும் குறுகியும் போவது முதல் பகுதிதான். காய்ச்சல், கடும் மன அழுத்தம், தூக்கம் கெட்ட வாரங்கள், நீண்ட பயணம், திடீர் எடைக்குறைவு ஆகியவை கருமுட்டை முதிர்வதைத் தாமதப்படுத்தக்கூடும். கருமுட்டை வெளியேறிய பிறகு வருகிற கவலைக்குப் பெரும்பாலும் அந்த வல்லமை கிடையாது. 'வருமோ வராதோ என்று பயந்ததால்தான் வரவில்லை' என்று பலர் தம்மைத் தாமே தேற்றிக்கொள்வது உண்டு; காத்திருக்கும் கடைசி வாரத்தில் தோன்றிய பயத்தின்மேல் அந்தப் பழியைப் போடுவது சரியாகாது.

இதைக் கணக்காகவே பார்ப்போம். வழக்கமாக 28 நாள் சுழற்சி உள்ள ஒருவருக்குக் கருமுட்டை ஏறத்தாழ 14-ஆம் நாளில் வெளியேறும். மாதவிடாய் 29-ஆம் நாளில் வரவேண்டும். இந்த முறை ஏதோ காரணத்தால் கருமுட்டை 21-ஆம் நாளில்தான் வெளியேறியது என்று வைத்துக்கொள்வோம். அவர் 30-ஆம் நாளில், ஒரு நாள் தாமதமாகிவிட்டது என்று பரிசோதிக்கிறார். நாட்காட்டிப்படி அது சரியான நாள். உடலின் கணக்குப்படியோ கருமுட்டை வெளியேறி ஒன்பதே நாட்கள் ஆகியிருக்கின்றன. கரு உருவாகியிருந்தாலும் அது கருப்பையில் அப்போதுதான் பதியத் தொடங்கியிருக்கக்கூடும், பதியாமலும் இருக்கலாம். அன்று வருகிற ஒற்றைக் கோடு எதையும் மறுக்கவில்லை, எதையும் உறுதிசெய்யவும் இல்லை.

பரிசோதனை எதைத் தேடுகிறது

வீட்டில் செய்யும் பரிசோதனை கருவைத் தேடுவதில்லை, எச்.சி.ஜி. என்ற ஹார்மோனைத் தேடுகிறது. பின்னாளில் நச்சுக்கொடியாக வளரப்போகிற செல்கள், கருப்பையின் உட்சவ்வில் கரு பதியும்போது இந்த ஹார்மோனைத் தாயின் இரத்தத்தில் கலக்கத் தொடங்குகின்றன. அங்கிருந்து அது சிறுநீருக்கு வருகிறது. எனவே கருவுற்ற நாளுக்கும் பரிசோதனையில் தெரியும் நாளுக்கும் இடையே தவிர்க்க முடியாத ஒரு காத்திருப்பு உண்டு. கருக்குழாயில் கருவுற்ற முட்டை மெல்ல நகர்ந்து கருப்பைக்கு வந்து பதிய, கருமுட்டை வெளியேறியதிலிருந்து 6 முதல் 12 நாட்கள் ஆகின்றன. பெரும்பாலானவர்களுக்கு 8, 9, 10 ஆகிய நாட்களில் இது நிகழ்கிறது. பதிந்த முதல் சில நாட்களில் ஹார்மோன் மிகக் குறைவாகவே இருக்கும். தொடக்க வாரங்களில் ஏறத்தாழ இரண்டு மூன்று நாட்களுக்கு ஒருமுறை அது இரட்டிப்பாகும்.

இந்த இரட்டிப்பில்தான் காத்திருப்பின் பயன் இருக்கிறது. பரவலாக விற்கும் பரிசோதனைப் பட்டைகள் ஒரு மில்லிலிட்டருக்கு 20 முதல் 25 மில்லி சர்வதேச அலகுகள் இருந்தால் கண்டுகொள்ளும். இன்று 10 அலகு இருக்கும் ஒருவருக்கு இரண்டு மூன்று நாட்களில் 20 ஆகலாம், ஐந்தாறு நாட்களில் 40 ஆகலாம். இன்று காணாத கோடு வார இறுதியில் பளிச்சென்று தெரிவதற்குக் காரணம் இதுவே.

மாதவிடாய் எதிர்பார்த்த நாளன்றே பரிசோதித்தால் என்ன ஆகும்? 2001-ஆம் ஆண்டு வெளியான ஓர் ஆய்வின்படி, அந்த நாளில் ஏறத்தாழ பத்தில் ஒரு கர்ப்பத்தில் கரு இன்னும் கருப்பையில் பதிந்திருக்கவே இல்லை. இல்லாத ஹார்மோனை எத்தனை நுட்பமான கருவியாலும் காண முடியாது. ஒரு வாரம் கழித்துப் பரிசோதித்தால், கண்டுபிடிக்க வாய்ப்புள்ள கர்ப்பங்கள் அதிகபட்சம் 97 விழுக்காடாக உயரும் என்றும் அதே ஆய்வு கணக்கிட்டது. பெட்டியின்மேல் அச்சிடப்பட்டிருக்கும் '99 விழுக்காடு துல்லியம்' என்பது ஆய்வகத்தில், போதிய ஹார்மோன் உள்ள மாதிரிகளில் கிடைத்த அளவு. பரிசோதிக்கும் நாளை நீங்கள் சரியாகத் தேர்ந்தெடுத்தீர்களா என்பது அந்த எண்ணில் அடங்காது.

ஒரு வாரக் காத்திருப்பு நீளமாகத் தோன்றுகிறவர்கள் ஒன்றை எண்ணிப் பார்க்கலாம். 1927-இல் ஆஷ்ஹைம், சோண்டெக் என்ற இரு மருத்துவர்கள் உருவாக்கிய முறையில், பெண்ணின் சிறுநீரை இளம் பெண் எலிகளுக்கு ஊசியாகச் செலுத்தி, சில நாட்கள் கழித்து அவற்றை அறுத்துச் சினைப்பையைப் பார்த்தே விடை சொல்ல வேண்டியிருந்தது.

எந்த நாளில் பரிசோதிப்பது

சுழற்சி ஒழுங்காக உள்ளவர்களுக்கு, மாதவிடாய் எதிர்பார்த்த நாளுக்கு முன் பரிசோதிக்க நான் பரிந்துரைக்க மாட்டேன். சில பட்டைகள் முன்கூட்டியே கண்டறிவதாகச் சொல்கின்றன. சிலருக்கு அது உண்மையாகவும் அமைகிறது. ஆனால் அந்த நாட்களில் வரும் நெகட்டிவ் விடைக்கு மதிப்பு மிகக் குறைவு. பாசிட்டிவாக வந்தாலும், பதிந்த சில நாட்களிலேயே கலைந்துவிடும் கர்ப்பங்கள் அதில் சேர்ந்துவிடுகின்றன. ஒரு வாரம் பொறுத்திருந்தால் அவை சற்றே தாமதமான மாதவிடாயாகத் தெரியாமலே கடந்துபோயிருக்கும். அதை அறிந்துகொள்ள வேண்டுமா என்பது அவரவர் விருப்பம். பொறுக்க முடிந்தால், நாள் தள்ளி ஏழு நாட்கள் கழித்துப் பரிசோதியுங்கள். அந்த விடை பெரும்பாலும் நம்பத்தக்கது. பொறுக்க முடியாவிட்டால் முதல் நாளே பரிசோதிக்கலாம். ஆனால் ஒற்றைக் கோட்டை 'இல்லை' என்று படிக்காமல் 'இன்னும் தெரியவில்லை' என்று படித்து, மாதவிடாய் வராத வரையில் ஒரு வாரத்தில் மீண்டும் பரிசோதிக்க வேண்டும்.

சுழற்சி ஒழுங்கற்றவர்களுக்கும், கடைசி மாதவிடாய்த் தேதி நினைவில் இல்லாதவர்களுக்கும் நாட்காட்டி உதவாது. அவர்கள் மாதவிடாயை விட்டுவிட்டு உடலுறவிலிருந்து எண்ண வேண்டும்: பாதுகாப்பில்லாமல் கடைசியாக உடலுறவு கொண்ட நாளிலிருந்து 21 நாட்கள் கழித்துச் செய்யும் பரிசோதனையை நம்பலாம். இந்த எண் எங்கிருந்து வந்தது என்பதை அறிந்துகொண்டால் மறக்காது. விந்தணு பெண்ணின் உடலில் ஐந்து நாட்கள் வரை உயிரோடிருக்கக்கூடும். அந்த ஐந்தாம் நாளில் கருமுட்டை வெளியேறி, பதிவதற்கு அதிகபட்சமாகப் பன்னிரண்டு நாட்கள் எடுத்துக்கொண்டால் 17 நாட்கள். ஹார்மோன் அளவிடத்தக்க அளவுக்கு உயர இன்னும் மூன்று நான்கு நாட்கள். ஆக 21. சுழற்சி எத்தனை நீளமாக இருந்தாலும் இந்தக் கணக்கு மாறாது என்பதே இதன் சிறப்பு. குழப்பம் வரும்போதெல்லாம் இதையே கைக்கொள்ளலாம்.

கருத்தடை மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு, மாத்திரை இல்லாத வாரத்தில் வருவது இயல்பான மாதவிடாய் அல்ல. ஹார்மோன் நின்றதால் ஏற்படும் உதிரப்போக்கு. ஒரு மாத்திரையும் விடாமல் சாப்பிட்டும் ஒரு மாதம் அது வராமல் போவது உண்டு. மாத்திரைகள் தவறியிருந்தாலோ, சாப்பிட்டவுடன் வாந்தி எடுத்திருந்தாலோ, தொடர்ந்து இரண்டாம் முறை வராவிட்டாலோ பரிசோதிக்க வேண்டும். கருத்தடை ஊசியும் ஹார்மோன் கலந்த கருப்பைச் சாதனமும் மாதவிடாயையே நிறுத்திவிடக்கூடியவை. ஊசியை நிறுத்திய பிறகும் சுழற்சி பழைய நிலைக்குத் திரும்பப் பல மாதங்கள் ஆகலாம். அந்த இடைவெளியில் கருத்தரிக்காது என்று எண்ணிவிடக் கூடாது.

அவசரக் கருத்தடை மாத்திரை சாப்பிட்டவர்களுக்கு அடுத்த மாதவிடாய் சில நாட்கள் முந்தியும் வரலாம், பிந்தியும் வரலாம். அந்த மாத்திரை முதன்மையாகக் கருமுட்டை வெளியேறுவதைத் தள்ளிப்போடுவதன் மூலமே வேலை செய்கிறது என்பதால், மாதவிடாயும் தள்ளிப்போவது எதிர்பார்க்கத்தக்கதே. எதிர்பார்த்த நாளைக் கடந்து ஏழு நாட்களுக்கு மேல் ஆனாலோ, மாத்திரை சாப்பிட்டு மூன்று வாரங்களாகியும் மாதவிடாய் வராவிட்டாலோ பரிசோதியுங்கள்.

பாலூட்டும் தாய்மார்கள் ஒரு நுட்பமான கண்ணியில் சிக்குகிறார்கள். பிரசவத்துக்குப் பின் முதல் மாதவிடாய் வருவதற்கு முன்பே கருமுட்டை வெளியேறக்கூடும். ஆகவே ஒருமுறைகூட மாதவிடாய் வராத நிலையிலேயே மீண்டும் கருத்தரிக்க முடியும். குழந்தைக்கு ஆறு மாதம் நிறையாமல், தாய்ப்பால் மட்டுமே இரவும் பகலும் கொடுத்து, மாதவிடாயும் திரும்பாமல் இருந்தால் மட்டுமே கருத்தரிக்கும் வாய்ப்பு மிகக் குறைவு. இந்த மூன்றில் ஒன்று தளர்ந்தாலும் அந்தப் பாதுகாப்பு போய்விடும். நாற்பதைக் கடந்து, மாதவிடாய் நிற்கும் காலத்தை நெருங்குகிறவர்களுக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும். பன்னிரண்டு மாதங்கள் தொடர்ந்து வராத பிறகே மாதவிடாய் நின்றுவிட்டது என்று சொல்ல முடியும். அதுவரை தள்ளிப்போகும் நாட்களுக்கு வயதை மட்டுமே காரணமாக்கக் கூடாது.

மாதவிடாய் வந்தது, ஆனால் வழக்கத்துக்கு மாறாக ஒரு நாளோ அரை நாளோ பொட்டுப்பொட்டாகப் பட்டு நின்றுவிட்டது என்றால், வந்துவிட்டதாக எண்ணிக் கணக்கை முடித்துவிடாதீர்கள். கர்ப்பத்தின் தொடக்கத்தில் அப்படிச் சிறிது உதிரம் படுவது உண்டு. அப்போதும் பரிசோதிக்க வேண்டும்.

பரிசோதிக்கும் முறை

முதலில் காலாவதித் தேதியையும் உறை கிழியாமல் இருப்பதையும் பாருங்கள். உறையைப் பரிசோதிக்கும் நேரத்தில்தான் பிரிக்க வேண்டும்; ஈரப்பதம் பட்டையைக் கெடுத்துவிடும். ஒவ்வொரு தயாரிப்புக்கும் நேரமும் சொட்டுகளின் எண்ணிக்கையும் சற்று மாறும் என்பதால், உள்ளே இருக்கும் தாளை முன்பே படித்துவிடுங்கள். விடிகாலையில், கை நடுங்கும் நேரத்தில் படிப்பதைவிட முந்தைய இரவே படிப்பது நல்லது.

காலையில் எழுந்ததும் வரும் முதல் சிறுநீரில் ஹார்மோன் செறிவாக இருக்கும். நாள் தள்ளிய முதல் வாரத்தில் இது முக்கியம்; பிறகு எந்த வேளையில் செய்தாலும் பெரிய வேறுபாடு இராது. பகலில்தான் செய்ய முடியும் என்றால் மூன்று நான்கு மணி நேரம் சிறுநீரை அடக்கி வைத்திருந்து, அதற்கு முன் அளவுக்கு மீறித் தண்ணீர் குடிக்காமல் இருந்தால் போதும். 'நிறையத் தண்ணீர் குடித்தால் சீக்கிரம் முடிந்துவிடும்' என்று குடிப்பவர்கள் தங்கள் மாதிரியைத் தாங்களே நீர்த்துப்போகச் செய்கிறார்கள்.

சொட்டு விடும் வகையில், சுத்தமான, உலர்ந்த, சோப்பு ஒட்டாத கிண்ணத்தில் சிறுநீரைப் பிடித்து, கொடுக்கப்பட்டிருக்கும் டிராப்பரால் தாளில் சொன்ன எண்ணிக்கையில் மட்டும் சொட்டுகளை விட வேண்டும். நேராகப் பிடிக்கும் குச்சி வகையில், முதலில் சிறிது சிறுநீர் போனபின் நடுப்பகுதியில், சொல்லப்பட்ட விநாடிகளுக்கு மட்டும் நுனியைக் காட்ட வேண்டும். பிறகு சமமான இடத்தில் வைத்துவிட்டு, கடிகாரத்தைப் பாருங்கள். பெரும்பாலான பட்டைகளில் மூன்று முதல் ஐந்து நிமிடத்தில் விடை தெரியும். பத்து நிமிடத்துக்குப் பின் தெரிவதை விடையாகக் கொள்ளக் கூடாது.

கோடுகளை வாசிப்பது

'சி' என்ற எழுத்துக்கு நேராக வரும் கோடு, பட்டை ஒழுங்காக வேலை செய்தது என்பதற்கான சான்று மட்டுமே. அது வராவிட்டால், வேறு எந்தக் கோடு வந்திருந்தாலும் பரிசோதனை செல்லாது. புதிய பட்டையில் திரும்பச் செய்ய வேண்டும். 'டி' என்ற எழுத்துக்கு நேராக வரும் கோடுதான் ஹார்மோனைக் காட்டுவது. பட்டையில் ஊறி நகரும் சிறுநீரில் எச்.சி.ஜி. இருந்தால், நிறமூட்டிய எதிர்ப்புரதங்கள் அதைப் பற்றிக்கொண்டு அந்த இடத்தில் தேங்குகின்றன; அந்தத் தேக்கமே கோடாகத் தெரிகிறது. ஹார்மோன் குறைவாக இருந்தால் கோடும் மங்கலாக இருக்கும்.

ஆகவே குறித்த நேரத்துக்குள், நிறத்தோடு, முழு அகலத்துக்கு வந்த கோடு எத்தனை மங்கலாக இருந்தாலும் அது பாசிட்டிவ்தான். 'கொஞ்சம் கர்ப்பம்' என்று எதுவும் இல்லை. 'ஆரம்பக் கர்ப்பம்' என்றே அதைப் படிக்க வேண்டும். இரண்டு நாள் கழித்துத் திரும்பப் பரிசோதித்தால் பெரும்பாலும் அது அழுத்தமாகும். இதற்கு மாறாக, பட்டை உலர்ந்தபின் நிறமில்லாமல் சாம்பல் நிழல்போலத் தெரியும் கோடு, சிறுநீர் ஆவியான தடம். குப்பையில் போட்ட பட்டையை மாலையில் எடுத்து வெளிச்சத்தில் சாய்த்துச் சாய்த்துப் பார்ப்பவர்கள் காண்பது பெரும்பாலும் இதைத்தான்.

தவறான பாசிட்டிவ் அரிது. ஆனால் இல்லாமல் இல்லை. அண்மையில் பிரசவமோ கருச்சிதைவோ கருக்கலைப்போ ஆனவர்களின் உடலில் பழைய ஹார்மோன் சில வாரங்கள் தங்கியிருக்கும். குழந்தையின்மைச் சிகிச்சையில் எச்.சி.ஜி. ஊசி போட்டுக்கொண்டவர்களுக்கு ஏறத்தாழ இரண்டு வாரம் வரை அந்த ஊசியே கோட்டைக் காட்டக்கூடும். கரு சரியாக வளராமல் நச்சுக்கொடித் திசு மட்டும் கட்டிபோல் பெருகும் முத்துப்பிள்ளைக் கர்ப்பத்திலும் பாசிட்டிவ் வரும். கருத்தடை மாத்திரைகளும் ஆன்டிபயாட்டிக் மருந்துகளும் விடையை மாற்றுவதில்லை.

தவறான நெகட்டிவ் இதைவிட மிகப் பரவலானது. அதன் முதன்மைக் காரணம், மேலே பார்த்தபடி, அவசரம். சர்க்கரை, உப்பு, பற்பசை ஆகியவற்றில் சிறுநீரை விட்டு நுரைக்கிறதா, திரிகிறதா என்று பார்க்கச் சொல்லும் வீட்டு முறைகளுக்கு எந்த அடிப்படையும் இல்லை, அவை எச்.சி.ஜி.யைக் கண்டறிவதில்லை. மார்பக வலி, சோர்வு, அடிக்கடி சிறுநீர் கழித்தல் போன்ற அறிகுறிகளும் இந்தக் கட்டத்தில் வழிகாட்ட மாட்டா. மாதவிடாய்க்கு முன்னும் கர்ப்பத்தின் தொடக்கத்திலும் உடலில் மிகுந்திருப்பது அதே ப்ரோஜெஸ்ட்டிரான்தான் என்பதால் இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். மசக்கை பெரும்பாலும் ஆறாவது வாரத்தை ஒட்டியே தொடங்குகிறது.

பாசிட்டிவ் வந்தால்

கர்ப்பத்தின் வாரங்கள் கருவுற்ற நாளிலிருந்து அல்ல, கடைசி மாதவிடாயின் முதல் நாளிலிருந்து எண்ணப்படுகின்றன. நாள் தள்ளி ஒரே வாரம் ஆன நிலையில் மருத்துவர் 'ஐந்து வாரம்' என்று சொல்வது இதனால்தான். இங்கேதான் தாமதமான கருமுட்டை மீண்டும் குறுக்கே வருகிறது. 14-ஆம் நாளுக்குப் பதில் 21-ஆம் நாளில் கருமுட்டை வெளியேறியவருக்கு, ஸ்கேனில் கரு ஒரு வாரம் சிறியதாகவே தெரியும். கருப்பையினுள் கருவைச் சூழ்ந்த பை தெரிவதும் தெரியாததுமாக இருக்கும் ஐந்தாம் வாரத்தில் எடுத்த ஸ்கேனைக் கண்டு 'வளர்ச்சி இல்லை' என்று கலங்கி, ஒன்றிரண்டு வாரம் கழித்து எடுத்த அடுத்த ஸ்கேனில் இதயத்துடிப்பைப் பார்ப்பவர்கள் பலர். துடிப்பு ஏறத்தாழ ஆறாம் வாரத்திலிருந்தே தெரியத் தொடங்கும் என்பதால், வலியோ உதிரப்போக்கோ இல்லாதவர்கள் அவசரப்பட்டு ஸ்கேன் எடுக்கத் தேவையில்லை.

கர்ப்பத்தைத் தொடர விரும்புகிறவர்கள் நாளொன்றுக்கு 400 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலத்தை உடனே தொடங்க வேண்டும். கருத்தரிக்க முயலும்போதே தொடங்கியிருந்தால் இன்னும் நல்லது. குழந்தையின் மூளையும் தண்டுவடமும் உருவாகும் குழாய், கருவுற்று 28 நாட்களுக்குள் மூடிவிடுகிறது. அதாவது பலர் பரிசோதனையே செய்திராத காலத்தில். மது, புகை இரண்டையும் நிறுத்த வேண்டும். வலிப்பு, இரத்த அழுத்தம், இரத்தம் உறைதல், முகப்பரு ஆகியவற்றுக்குத் தரப்படும் சில மருந்துகள் கருவைப் பாதிக்கக்கூடியவை. ஆனால் அவற்றைத் தாமாக நிறுத்துவதும் ஆபத்து, குறிப்பாக வலிப்பு மருந்தை. அன்றே மருத்துவரைக் கேட்டுவிடுங்கள். தொடர விரும்பாதவர்களும் தாமதிக்காமல் மருத்துவரைப் பார்ப்பது முக்கியம். வாரங்கள் குறைவாக இருக்கும்போதுதான் வழிகள் எளியவையாகவும் பாதுகாப்பானவையாகவும் இருக்கின்றன.

சிறுநீர்ப் பரிசோதனை தெளிவில்லாதபோது இரத்தத்தில் எச்.சி.ஜி. அளவைப் பார்ப்பார்கள். 5-க்குக் கீழ் என்றால் கர்ப்பம் இல்லை. 25-க்கு மேல் என்றால் உண்டு. இடைப்பட்டது என்றால் 48 மணி நேரம் கழித்துத் திரும்பப் பார்க்க வேண்டும். ஒற்றை எண்ணைவிட, இரண்டு எண்களுக்கு இடையே உள்ள ஏற்றமே மருத்துவருக்குச் செய்தி சொல்கிறது.

ஒன்றை மட்டும் காத்திருந்து பார்க்கக் கூடாது. அடிவயிற்றின் ஒரு பக்கத்தில் கடும் வலி, தோள்பட்டை நுனியில் காரணமற்ற வலி, தலைசுற்றல், மயக்கம், இவற்றோடு உதிரப்போக்கு ஆகியவை பாசிட்டிவ் வந்தவருக்கோ, நாள் தள்ளிப்போய் இன்னும் பரிசோதிக்காதவருக்கோ ஏற்பட்டால், கரு கருப்பைக்கு வெளியே, பெரும்பாலும் கருக்குழாயில் தங்கியிருக்கலாம். நூறு கர்ப்பங்களில் ஒன்றிரண்டில் இப்படி நேர்கிறது. குழாய் வெடித்தால் உள்ளே பெருகும் இரத்தப்போக்கு உயிருக்கே ஆபத்து. காப்பர் டி அணிந்தவர்களுக்கும் கருத்தடை அறுவை செய்துகொண்டவர்களுக்கும் கர்ப்பம் தரிப்பது அரிது. ஆனால் தரித்தால் அது கருப்பைக்கு வெளியே இருக்கும் வாய்ப்பு மற்றவர்களைவிடக் கூடுதல். இரவானாலும் நேரே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டிய நிலை இது.

நெகட்டிவ் வந்து, மாதவிடாயும் வராவிட்டால்

ஒரு வாரம் கழித்துச் செய்த இரண்டாம் பரிசோதனையும் நெகட்டிவ், கடைசி உடலுறவாகி 21 நாட்களும் கடந்துவிட்டன என்றால், கர்ப்பத்தை ஏறத்தாழ விலக்கிவிடலாம். இனி கேள்வி, கருமுட்டை ஏன் வெளியேறவில்லை என்பதே. எப்போதாவது ஒரு சுழற்சி இப்படித் தவறுவது எல்லோருக்கும் நேரும். அதற்குச் சிகிச்சை தேவையில்லை. அடிக்கடி நேர்ந்தால் காரணம் தேட வேண்டும். உணவு மிகக் குறைந்தோ உடற்பயிற்சி மிக அதிகமாகியோ உடலின் ஆற்றல் இருப்பு வற்றும்போது, மூளை கருத்தரிப்பு வேலையை முதலில் நிறுத்திவைக்கிறது. பி.சி.ஓ.எஸ். என்ற சினைப்பைக் கோளாறில் ஆண் ஹார்மோன் மிகுதியாலும் இன்சுலின் கோளாறாலும் கருமுட்டைகள் முதிர்ச்சியை எட்டாமல் பாதியில் நிற்கின்றன. முகத்தில் முடி வளர்வதும் ஓயாத பருக்களும் இதற்கான தடயங்கள். தைராய்டு கூடினாலும் குறைந்தாலும் சுழற்சி குலையும். ப்ரோலாக்டின் ஹார்மோன் மிகுந்தால், பாலூட்டாதவருக்கும் மார்பில் பால் கசிந்து மாதவிடாய் நிற்கலாம். மனநோய்க்கான சில மருந்துகளும் இதைத் தூண்டும்.

இந்த இடத்தில் மருந்துக்கடையில் 'மாதவிடாயை வரவழைக்கும் மாத்திரை' கேட்டு வாங்கிச் சாப்பிடுவது பலருடைய முதல் யோசனையாக இருக்கிறது. அது எனக்கு ஒப்புதல் இல்லை. ப்ரோஜெஸ்ட்டிரான் வகையைச் சேர்ந்த அந்த மாத்திரையைச் சில நாட்கள் சாப்பிட்டு நிறுத்தினால் உதிரப்போக்கு வரலாம். ஆனால் அது கருமுட்டை வெளியேறாத காரணத்தைத் தீர்ப்பதில்லை, மறைத்து மட்டுமே வைக்கிறது. கர்ப்பம் இருந்தால் அது கர்ப்பத்தைக் கலைக்காது. மருத்துவர் ஒரு தேவைக்காக எழுதித் தரும்போது, அதுவும் கர்ப்பம் இல்லை என்று உறுதிசெய்தபின் சாப்பிடுவதே முறை.

வழக்கமாக ஒழுங்காக வந்துகொண்டிருந்தவருக்கு மூன்று மாதங்கள் தொடர்ந்து வராவிட்டாலும், ஒழுங்கற்ற சுழற்சி உள்ளவருக்கு ஆறு மாதங்கள் வராவிட்டாலும், 15 வயதாகியும் பூப்பெய்தாவிட்டாலும் மருத்துவரைப் பார்க்க வேண்டும். மார்பில் பால் கசிவு, தீராத தலைவலி, பார்வை மங்குதல், நாற்பது வயதுக்கு முன்பே உடலில் திடீர் வெப்ப அலைகள் ஆகியவை இருந்தால் அவ்வளவு நாள் காத்திருக்கத் தேவையில்லை. செல்லும்போது, கடந்த மாதவிடாய்களின் முதல் நாட்கள், சாப்பிடும் மருந்துகள், அண்மையில் எடை ஏறியதா இறங்கியதா, வீட்டில் செய்த பரிசோதனைகளின் தேதிகள் ஆகியவற்றை எழுதிக்கொண்டு போங்கள். நீங்கள் எத்தனை முறை பரிசோதித்திருந்தாலும், தைராய்டு, ப்ரோலாக்டின், ஸ்கேன் ஆகிய எதற்கும் முன்பாக அவர் இன்னொரு கர்ப்பப் பரிசோதனையைத்தான் கேட்பார். உங்கள் சொல்லை நம்பாததால் அல்ல. நீங்கள் பரிசோதித்த அந்த நாளில் கருமுட்டை வெளியேறி எத்தனை நாள் ஆகியிருந்தது என்பது அவருக்கும் தெரியாது.